மங்கோலியக் கெர் கூடாரத்தை வாங்கி இறக்குமதி செய்வது எப்படி?

பலர் யுர்ட் என்று அழைக்கும் வட்டக் கூடாரத்தை மங்கோலியர் கெர் என்கின்றனர். அதைச் செய்யும் மரபுக் கைத்திறனை யுனெஸ்கோ 2013இல் தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் ஒரு கெர் வாங்கிப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவர விரும்பும் புதியவருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: அளவையும் வகையையும் முடிவு செய்யுங்கள்

சுவராக நிற்கும் மரப் பின்னல் தட்டிகளின் எண்ணிக்கையே கெரின் அளவைக் குறிக்கும். ஐந்து தட்டிக் கெர் சுமார் 6 மீட்டர் விட்டம் கொண்டது. ஒரு குடும்பத்துக்குப் போதும். மங்கோலியக் கெரின் கூரைக் கழிகள் நேரானவை, உச்சி வளையத்தை நடுவில் இரண்டு தூண்கள் தாங்கும். கழிகள் அடியில் வளைந்து, நடுத்தூண் இல்லாமல் இருந்தால் அது கசாக்கிய அல்லது கிர்கிசிய வகை. அதுவும் நல்ல கூடாரமே, ஆனால் கேட்டது அதுவல்ல என்பதால் முன்பணம் தருவதற்கு முன் படம் கேளுங்கள்.

படி 2: மழையை நினைத்து உறை சொல்லுங்கள்

பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். உலான்பாதரில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. பிரித்தானியாவின் வேல்ஸ் மலைப்பகுதிகளில் அதைப் போலப் பல மடங்கு பெய்யும். கெரைப் போர்த்துவது, உலர்ந்த குளிருக்கென்றே ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட் என்ற துணி. அது ஈரம் ஏறினால் கனத்துப் போய் நாறத் தொடங்கும். ஆகவே பூஞ்சையும் நீரும் தாங்கும்படி பதப்படுத்திய கித்தான் உறையையும், உச்சி வளையத்துக்கு ஒளி புகும் மூடியையும் சேர்த்தே கேளுங்கள். செலவு மிச்சம் என்று பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால், உள்ளே எழும் நீராவி வெளியேற வழியின்றி ஃபெல்ட்டிலேயே தங்கிவிடும்.

தரைமேடையைக் கெரின் விட்டத்துக்குச் சரியாக அமையுங்கள். மேடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், உறையில் வழியும் மழைநீர் அதன்மேல் விழுந்து சுவரடியில் உள்ளே புகும்.

படி 3: பணம் அனுப்பும் முன் ஆவணங்களைப் பாருங்கள்

கெரில் மரமும் ஆட்டு ரோமமும் உண்டு. தட்டிகளைப் பிணைக்கும் வார்கள் பல வேளைகளில் பதனிடாத ஒட்டகத் தோல். விலங்குப் பொருள்களுக்குத் தனி இறக்குமதி விதிகள் இருப்பதால், என்னென்ன சான்றிதழ் தேவை என்பதைச் சுங்க முகவரிடம் எழுத்தில் பெற்று விற்பவருக்கு அனுப்புங்கள். பட்டை உரிக்காத மரம் வேண்டாம். மரப்பெட்டியில் கட்டினால், அதில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது பூச்சிகள் பரவாதபடி மரம் பதப்படுத்தப்பட்டதைக் காட்டும் பன்னாட்டு முத்திரை, இருக்க வேண்டும். கூடாரங்கள் 6306 என்ற சுங்கத் தலைப்பிலும், முன்தயாரிப்புக் கட்டடங்கள் 9406இலும் வருவதால், உங்கள் கெர் எதில் சேரும் என்பதையும் முகவரிடம் கேளுங்கள். பிரித்தானியாவின் 20 விழுக்காட்டு மதிப்புக் கூட்டு வரி, பொருளின் விலைமேல் மட்டுமல்லாமல் சரக்குக் கட்டணத்தையும் சுங்கத் தீர்வையையும் சேர்த்த தொகைமேல் கணக்கிடப்படுகிறது.

படி 4: வழியும் கட்டணமும்

மங்கோலியாவுக்குக் கடல் இல்லை. சரக்கு வழக்கமாக ரயிலில் சாமின்-ஊத் எல்லையைக் கடந்து சீனாவின் தியான்ஜின் துறைமுகத்துக்குப் போகிறது. எல்லையில் தண்டவாள அகலம் 1520இலிருந்து 1435 மில்லிமீட்டராக மாறுவதால் அங்கே தாமதம் இயல்பு. ஒரு கெர் முழுக் கன்டெய்னரை நிரப்பாது, பிறர் சரக்குடன் பங்கிட்டு அனுப்பலாம். சொல்லப்பட்ட விலை எந்த இடம் வரைக்குமானது என்று கேளுங்கள். துறைமுகக் கட்டணமும் லாரி வாடகையும் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. காப்பீடு எடுத்தே தீர வேண்டும்.

படி 5: எண்ணிப் பார்த்து நிறுத்துங்கள்

அனுப்புவதற்கு முன் ஒருமுறை முழுமையாகக் கட்டிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வந்திறங்கியதும் கழிகளை எண்ணிய பிறகே கையொப்பமிடுங்கள். கதவையும் தட்டிகளையும் வட்டமாக நிறுத்திக் கயிற்றால் இறுக்கி, உச்சி வளையத்தைத் தூண்கள்மேல் உயர்த்தி, எதிரெதிராகக் கழிகளைச் செருகி, ஃபெல்ட்டையும் கித்தானையும் போர்த்த வேண்டும். மங்கோலியாவில் வாசல் தெற்கு நோக்கும். பிரித்தானியாவில் தென்மேற்குக் காற்றே மிகுதி என்பதால், அதைச் சற்றுக் கிழக்காகத் திருப்பி வைப்பது நல்லது.