மாடிக் குளியலறை

ஆடிப்பெருக்குக்குக் கும்பகோணம் பக்கம் போகிறவர்களை ஆற்றில் இறங்காதே, கிணற்று நீரைக் குடிக்காதே என்று எச்சரிக்கப் பலர் உண்டு. பூட்டிக் கிடந்த குளியலறையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் ஊரில் விடுதி அறை எடுத்திருந்தேன். "சொந்த வீடு இருக்க லாட்ஜில் தங்கினால் நான் தெருவில் தலைகாட்ட முடியுமா?" என்று சித்தப்பா மூன்று நாள் விடாமல் பேசி அதை ரத்துசெய்ய வைத்தார். எரிச்சலாக இருந்தது; ஆனாலும் நான் அனுப்பிய பணத்தில், கீசரும் ஷவருமாக, எனக்கென்றே அவர் கட்டிய குளியலறை அது. நான் மூன்று ஆண்டுகளாகப் போகாததால் அதை எவரும் திறக்கவில்லை. அவரும் சித்தியும் கொல்லைக் குழாயடியில் வாளியில் குளிப்பவர்கள்.

அதில் குளிக்கத் தொடங்கிய ஆறாம் நாள் காய்ச்சல், வறட்டு இருமல், வயிற்றுப்போக்கு, இரவில் பிதற்றல். உள்ளூரில் தந்த அமாக்ஸிசிலினுக்கு எதுவும் அடங்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு மருத்துவர்தான் எங்கே குளித்தேன் என்று கேட்டு, சிறுநீர்ப் பரிசோதனை செய்து, லீஜியனெல்லா என்ற கிருமி என்றார். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா விடுதி ஒன்றில் கூடிய 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் படைவீரர் அமைப்பினரைத் தாக்கியதால் பெயர் பெற்ற நுரையீரல் நோயைத் தருவது இது. ஏறத்தாழ 25 முதல் 45 பாகை செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில், தேங்கிய நீரில், குழாயின் உட்புற வழுவழுப்புப் படலத்தில் கிருமி பெருகுகிறது. ஷவர் சிதறும் நுண்துளிகளைச் சுவாசிக்கும்போது உள்ளே போகிறது. அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படுவதில்லை. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை பயன்படும். ஐம்பதைத் தாண்டியவர்களும் புகைப்பவர்களும் கூடுதலாக அஞ்ச வேண்டும்.

ஆகவே, போவதற்கு முன்பே மாடித் தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள். ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டு, எல்லாக் குழாய்களையும் நெடுநேரம் ஓடவிட்டு, அறையைவிட்டு வெளியே நிற்கட்டும். கீசர் நீர் 60 பாகைக்கு மேல் சூடானபின், வாளியில் விளாவிக் குளிப்பதே மேல். பெரும்பாலும் இரண்டு முதல் பதினான்கு நாள்களுக்குள் நோய் வெளிப்படும் என்பதால், திரும்பியபின் காய்ச்சல் வந்தாலும் பயணத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் உங்களுக்கு எழுதுகிற நான், சித்தப்பாவிடம் நிமோனியா என்று மட்டுமே சொன்னேன். அடுத்த ஆடிக்கும் மாடியைப் பெருக்கி வைப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.