கிட்டார் வாங்கும் முன் மடியில் வைத்துப் பாருங்கள்
சத்தத்தை மட்டும் கேட்டு கிட்டார் வாங்கிவிடாதீர்கள். உட்கார்ந்து பத்து நிமிடம் வாசியுங்கள். அப்புறம் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) பிடிக்கும் கையில், முழங்கைக்குக் கீழே உட்பக்கத்தைப் பாருங்கள். பாடியின் விளிம்பு அழுத்திச் சிவப்புக் கோடு விழுந்திருந்தால், அந்த விளிம்பைச் சரிவாகச் சீவிய மாடலைத் தேடுங்கள். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரில் முன்புறம் கைக்கும் பின்புறம் வயிற்றுக்கும் இப்படி மரத்தைச் செதுக்கியிருந்தார்கள். உடம்போடு ஒட்டி உட்காரும், அருமையான வடிவம் அது. அகூஸ்டிக் கிட்டாரில் ட்ரெட்நாட் என்ற பெரிய பாடி வகையை மடியில் வைத்தால் தோள் மேலே ஏறுகிறதா? பார்லர் போன்ற சின்ன பாடி நல்லது.

ஸ்ட்ராப் மாட்டி நின்று, நெக்கை (கம்பிகளை அழுத்தும் நீளமான கழுத்துப் பகுதி) தாங்கும் கையை லேசாகத் தளர்த்துங்கள். நெக்கின் நுனியில் இருக்கும் ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சாய்ந்தால் அந்தக் கை தாங்கித் தாங்கியே களைத்துவிடும். அகலமான, வழுக்காத ஸ்ட்ராப் ஓரளவு கைகொடுக்கும்.