உருளைக்கிழங்கு ரொட்டி கையில் ஒட்டாமல் வர

வட அயர்லாந்தில் காலைத் தட்டில் முட்டை, பேக்கனோடு (உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு) கட்டாயம் இருக்கும் உருளைக்கிழங்கு ரொட்டி எனக்கு உயிர். ஆனால் வீட்டில் பிசைந்தால் மாவு கையோடு வந்தது. மைதாவைக் கூட்டினால் ரொட்டி ரப்பர் மாதிரி இழுத்தது. கோளாறு கிழங்கின் ஈரத்தில்தான்.

இப்போது மாரிஸ் பைப்பர் போன்ற, வெந்தால் மாவாக உதிரும் கிழங்கு வகைதான் வாங்குகிறேன். வெந்ததும் நீரை வடித்து, அதே பாத்திரத்தில் சிறு தீயில் குலுக்குவேன். ஆவி அடங்கி, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து உதிரும். அதுதான் பதம். சூடு ஆறுவதற்குள் மசித்து, அரை கிலோவுக்கு 100 கிராம் மைதா, கொஞ்சம் வெண்ணெய், உப்பு. மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் பிசையவே கூடாது. வட்டமாகத் தட்டி நான்காக வெட்டி, எண்ணெய் விடாமல் கனமான கல்லில் பழுப்புப் புள்ளி விழும்வரை சுட்டால் சரி. அப்புறம் பேக்கன் கொழுப்பில் ஒரு புரட்டு: ஓரம் மொறுமொறு, உள்ளே மெத்தென்று!