ஏரியை ஒட்டிக் கூடாரம் போடாதீர்கள்

முதல் முறை ஒரு மலை ஏரிக்குப் போனபோது தண்ணீருக்குப் பத்தடி தள்ளிக் கூடாரம் அடித்தேன். காலையில் கண் திறந்ததும் ஏரி தெரிய வேண்டும் என்று ஆசை. நடுச்சாமத்தில் முகத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. மழை என்று பதறி வெளியே வந்தால் வானம் முழுக்க நட்சத்திரம். என் மூச்சின் ஈரமும் ஏரியின் ஈரமும் சேர்ந்து துணியின் உட்புறம் படிந்து, அதுதான் சொட்டிக்கொண்டிருந்தது. விடியும்வரை உட்கார்ந்தே நடுங்கினேன். காலையில் மேட்டுப்பக்கம் மரங்களுக்கு நடுவே தங்கியிருந்தவர்களைப் பார்த்தேன். அவர்கள் கூடாரத்தைத் தொட்டால் கை நனையவில்லை. எங்கள் இரண்டு கூடாரங்களுக்கும் இடையே நூறு மீட்டர்கூட இருக்காது.

இதற்குக் காரணம் எளிது. சூரியன் போனதும் சரிவில் இருக்கும் காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலவே கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஏரி இருப்பதே பள்ளத்தில்தான். அதனால் கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, கொஞ்சம் மேடாக இடம் பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. இரவில் விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் வழியை நாம் அடைத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

மின்சாரம், குழாய், கடை எதுவும் இல்லாத முகாம் என்றால் பெரும்பாலும் சமமான சில திட்டுகள், கல் வளைத்த நெருப்புக்குழி, ஒரு குழிக் கழிப்பறை, அவ்வளவுதான் இருக்கும். முந்தி வருபவருக்கே நல்ல இடம். வெளிச்சம் போக மூன்று மணி நேரம் முன்பே நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். மலையில் அந்தி சீக்கிரம் வரும். சூரியன் அடிவானம்வரை போக வேண்டியதில்லை, பக்கத்து முகட்டுக்குப் பின்னால் இறங்கினாலே குளிர் ஏறிவிடும்.

இடம் பார்த்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் காய்ந்த கிளையோ பட்ட மரமோ இருந்தால், தரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். அப்புறம் தரை. கிண்ணம்போல் குழிந்த இடத்தில் மழை வந்தால் நீர் தேங்கும். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். மண் அரித்துப் போகும், அந்தக் காயம் ஆற வருடங்கள் ஆகும். கூடாரம் விரிப்பதற்கு முன் அங்கே வெறுமனே படுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் உருள்கிறோம், எந்தக் கல் முதுகில் குத்துகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப்பக்கம். வாசல் காற்று வீசும் பக்கம் பார்க்காமல், அதற்கு மறுபக்கம் இருக்கட்டும். வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இழுகயிறுகளைக் கட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் காற்று கிளம்பும்போது விறைத்த விரலால் முடிச்சுப் போட முடியாது.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே இரவு 20 டிகிரி என்றால், 2000 மீட்டர் மேலே 7 டிகிரி என்று கணக்கு வைத்துப் பை கட்டுங்கள். புதிதாக வருபவர்கள் நல்ல ஸ்லீப்பிங் பேக்கில் (உள்ளே நுழைந்து தூங்கும் பை) பணத்தைப் போட்டுவிட்டு, அடியில் விரிக்கும் 'மேட்' என்ற பாயை மலிவாக வாங்குகிறார்கள். உடம்புக்குக் கீழே இருக்கும் பை நசுங்கிவிடுவதால் அதில் காற்று நிற்காது. காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது. தரைக்கும் முதுகுக்கும் நடுவில் இருப்பது அந்த மேட் மட்டும்தான். அதன் மீது ஆர்-மதிப்பு என்று ஓர் எண் இருக்கும், சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதை அது சொல்லும். உறைநிலையை ஒட்டிய இரவுகளுக்கு நான் 4-க்குக் குறைந்ததை எடுத்துப் போவதில்லை. பையின் மேல் இரண்டு வெப்ப அளவுகள் அச்சிட்டிருந்தால் 'கம்ஃபர்ட்' என்பதைப் பாருங்கள். 'லிமிட்' என்பது ஓரளவு சமாளித்துத் தூங்கக்கூடிய எல்லை, சுகமாகத் தூங்குவதற்கான அளவு இல்லை.

படுக்கும் முன் பகலில் போட்ட எல்லாவற்றையும் கழற்றி மாற்றுங்கள். காய்ந்ததுபோல் தோன்றினாலும் அதில் வியர்வை இருக்கும். தூங்க மட்டும் என்று ஒரு ஜோடி கம்பளிக் காலுறை தனியாக வைத்திருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாளும் நடந்ததில்லை. இறுக்கி மூடும் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி ஒரு துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். மூக்கைப் பைக்குள் புதைக்காதீர்கள், மூச்சின் ஈரத்தில் பை நனையும். கூடாரத்தின் காற்றுத் திறப்பையும் மூடக் கூடாது. குளிருகிறதே என்று மூடினால், என் முதல் இரவு உங்களுக்கும் நேரும்.

சமையலில் இரண்டே செய்தி. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 3000 மீட்டரில் ஏறக்குறைய 90 டிகிரிதான், அதனால் எல்லாம் வேக நேரமாகும். வேக நேரம் பிடிப்பதை முன்கூட்டியே ஊறவையுங்கள். இரண்டாவது, மழையே பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். சாப்பாடு, பற்பசை, சோப்பு எதுவும் படுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது, மணம் பிடித்து விலங்குகள் வரும். முகாமில் இரும்புப் பெட்டி வைத்திருந்தால் எல்லாவற்றையும் அதில் பூட்டுங்கள்.

ஏரித் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கலாம், அதில் வயிற்றுப்போக்கைத் தரும் ஜியார்டியா என்ற நுண்ணுயிரி இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். பெயின்ட் கொட்டியதுபோல் பச்சைப் படலம் மிதந்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம், பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வடிகட்டி வைத்திருப்பவர்கள் உறைபனி இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு தூங்குங்கள். உள்ளே இருக்கும் நுண்குழாய்களில் நீர் உறைந்தால் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாத்திரம் கழுவுவது, குளிப்பது எல்லாமே கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளித்தான். கழிப்பறை இல்லாத இடத்தில் அதே தூரத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடிவிடுங்கள். காகிதம் நம்மோடு திரும்பி வரட்டும்.

நடைக்குக் கிளம்புமுன் நேரத்தைக் கணக்கிடுங்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு எனக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இளைப்பாறுவது இதில் சேராது, அதனால் வரும் விடையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்கிறேன். கோடையில் மலைமேல் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். விடியலில் கிளம்பி, நண்பகலுக்குள் முகட்டிலிருந்து இறங்கத் தொடங்குங்கள். ஒரு முறை உச்சிக்கு அரை மணி தூரத்தில் திரும்பினேன். மனசு கேட்கவே இல்லை. மரவரிசைக்குள் நுழைந்த சற்று நேரத்தில், நான் நின்றிருந்த முகட்டிலேயே மின்னல் இறங்கியது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 நொடிகூட இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே ஆபத்தான வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

நடந்து வந்த சூட்டில் ஏரியில் குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். குளிர்ந்த நீர் பட்டதும் முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே இழுக்கும், அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. கால், இடுப்பு, மார்பு என்று மெல்ல இறங்கி, மூச்சு சீரான பிறகு நீந்துங்கள்.

கிளம்பும் காலையில் நெருப்புக்குழியில் நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்ற வேண்டும். கூடாரத்தை வெயிலில் உலர்த்தி மடித்தபின், அதைத் தரையில் பிடித்து வைத்திருந்த முளைகளை எண்ணுங்கள். என்னுடையவை பன்னிரண்டு. ஒன்று குறைந்தாலும் புல்லை விலக்கித் தேடி எடுத்த பிறகே பையைத் தோளில் மாட்டுவேன்.