ரீட்மீயை முதலில் திறங்கள்

ஒரு பயணிகள் பெட்டியைச் செய்து முடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்கும் ரயில் சிமுலேட்டரில் ஓடுகிற பெட்டிதான். வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, பழைய வரைபடத்திலிருந்து அளவெடுத்து ஜன்னல் ஜன்னலாகச் செய்தேன். படிக்கட்டுக்கு அடியில் படியும் துருவுக்கே இரண்டு இரவு போயின. இலவசமாக வெளியிட்ட மூன்றாம் நாள் முதல் கடிதம் வந்தது. "ஏசி பெட்டி எப்போது வரும்?" அதில் இருந்தது அவ்வளவுதான். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எதை டவுன்லோட் செய்தாலும், ஜிப்பை விரித்ததும் ரீட்மீ கோப்பைத் திறங்கள், அது செய்தவர் கூடவே வைக்கும் குறிப்பு. ஓட்டிப் பார்ப்பது அப்புறம். ஒரே எஞ்சினில் மாடல் ஒருவருடையது, மேலே பூசிய டெக்ஸ்சர், அதாவது நிறமும் தோற்றமும் தரும் படம், இன்னொருவருடையது, ஹாரன் சத்தம் மூன்றாமவர் பதிவு செய்தது என்று இருப்பது சாதாரணம். யார் எதைச் செய்தார்கள், நிறம் மாற்றலாமா, வேறு இடத்தில் ஏற்றலாமா, விற்பனைத் தொகுப்பில் சேர்க்கலாமா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். எதுவுமே எழுதவில்லை என்றால் இஷ்டம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பதிப்புரிமை ஒரு படைப்பு உருவான அந்த நேரத்திலேயே வந்துவிடுகிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்பாடான பெர்ன் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில் அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. எழுதாமல் விட்டிருந்தால் கேட்க வேண்டும்.

நண்பருக்குக் கொடுக்க வேண்டுமா? கோப்பை அனுப்பாதீர்கள், ஆசிரியர் வெளியிட்ட இடத்தின் இணைப்பை அனுப்புங்கள். என் பெட்டி ஒன்றை ரீட்மீயை நீக்கிவிட்டு வேறொருவர் தன் தொகுப்பில் சேர்த்துவிட்டார். பெயர் போனது வலித்தது. அதைவிட, பிரேக்கில் இருந்த பிழையை நான் திருத்திய பிறகும் அங்கே பழைய பதிப்பே கிடந்தது. புகார்கள் மட்டும் என்னைத் தேடி வந்துகொண்டிருந்தன.

மாற்றம் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும், அது நல்ல ஆசை. அதை அடுத்தவர் கோப்பைத் தொடாமலே செய்ய முடியும். ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச ரயில் சிமுலேட்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது மிகவும் எளிது. எஞ்சின் இருக்கும் ஃபோல்டருக்குள் 'ஓப்பன்ரெயில்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு ஒரு துணை ஃபோல்டர் வையுங்கள். அதில் மூல எஞ்சின் கோப்பின் பெயரிலேயே ஒரு புதுக் கோப்பு. முதல் வரியைக் காலியாக விட்டு, 'இன்க்ளூட்' கட்டளையால் மூலக் கோப்பை அழையுங்கள். கீழே நீங்கள் மாற்ற விரும்பும் அளவுகளை மட்டும் எழுதுங்கள். பிறருக்குக் கொடுக்கும்போது இந்தச் சின்னக் கோப்பு போதும், மூல எஞ்சினை அவர்கள் ஆசிரியரிடமிருந்தே எடுத்துக்கொள்வார்கள். நான் பார்த்தவற்றில் மிக நாகரிகமான வழி இதுதான். ரீபெயின்ட், அதாவது நிறம் மாற்றிப் பூசுவது என்றாலும் இதே முறைதான்: உங்கள் டெக்ஸ்சரை மட்டும் கொடுங்கள். ஆனால் அதுவும் அவர் வரைந்ததன் மேல் நீங்கள் வரைந்தது, ஆகவே அனுமதி வேண்டும்.

அனுமதி கேட்பது பெரிய விஷயமில்லை. நான் இப்படி எழுதுவேன்: "வணக்கம். உங்கள் நீலப் பெட்டிக்குப் பச்சை நிறம் பூசியிருக்கிறேன், படம் இணைத்துள்ளேன். மாடலைச் சேர்க்காமல் டெக்ஸ்சர் கோப்புகளை மட்டும் இலவசமாக வெளியிட விரும்புகிறேன். ரீட்மீயின் முதல் வரியில் உங்கள் பெயர் இருக்கும். சம்மதமா?" என்ன செய்தோம், என்ன செய்யப் போகிறோம், காசு உண்டா இல்லையா என்று தெரிந்துவிட்டால் அவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

பதிலே வராவிட்டால்? எங்கள் பொழுதுபோக்கில் இது அடிக்கடி நடக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் 2001-இல் வந்தது. அதன் அடுத்த பதிப்பு 2009-இல் பாதியிலேயே கைவிடப்பட்டது. ஆனாலும் அந்த 2001 சிமுலேட்டருக்காகச் செய்த பாதைகளும் எஞ்சின்களும் இன்றும் ஓப்பன் ரெயில்ஸில் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு. சிலருடைய மின்னஞ்சல் எப்போதோ செத்துவிட்டது. சிலர் இப்போது உயிரோடு இல்லை. உரிமை அதனால் போய்விடுவதில்லை, ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை அது நிற்கும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை எழுதுவேன், அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் யாராவது இருந்தால் விசாரிப்பேன். அப்படியும் கிடைக்காவிட்டால் என் மாற்றம் என் கணினியிலேயே இருக்கும். சிரமமாகத்தான் இருக்கும்.

பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், செய்தவருக்கு அது உதவி. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, எந்தப் பாதை, எந்த இடத்தில் நின்றது என்று எழுதுங்கள். ஓப்பன் ரெயில்ஸ் வழக்கமாக டெஸ்க்டாப்பில், ஓடும்போது நடந்ததைக் குறித்துவைக்கும் ஒரு லாக் கோப்பு எழுதிவைக்கும், அதையும் இணையுங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் நச்சரிக்க வேண்டாம், அவருக்கும் பிள்ளைகள், வேலை, காய்ச்சல் எல்லாம் உண்டு.

அப்புறம், பிடித்திருந்தால் சொல்லுங்கள். "சூப்பர்" என்றாலே மகிழ்ச்சிதான், ஆனால் எது பிடித்தது என்று சொன்னால் பல நாள் மனதில் நிற்கும். அந்த ஏழு வாரப் பெட்டியை ஒருவர் ஒரு மழைக்காட்சியில் ஓட்டிப் படம் எடுத்து அனுப்பினார். "கடைசி ஜன்னலின் ஷட்டர் மட்டும் பாதி இறங்கியிருக்கிறதே, வேண்டுமென்றே செய்தீர்களா?" என்று கேட்டிருந்தார். ஆமாம், வேண்டுமென்றேதான். அன்றிரவே ஏசி பெட்டியை ஆரம்பித்தேன்.