மலை ரோட்டுக்கு டிப்பர் டிரெய்லர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் புதிதாக டிராக்டரும் டிப்பர் டிரெய்லரும் வாங்கி ஜல்லி, எம்-சாண்ட் ஓட்ட இறங்கும் பையன்கள் அதிகமாகிவிட்டார்கள். வாங்குவதற்கு முன் யாரும் கேட்பதில்லை. வாங்கிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "எப்படி இருக்கு அண்ணா?" என்பார்கள். சுற்றிப் பார்த்தால் நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே கோளாறுகள். பெயிண்ட் மட்டும் புதிது.

கிரீஸ் அடி, நட்டு முறுக்கு, நடைச்சீட்டு இல்லாமல் மணல் ஏற்றாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் இங்கே டிரெய்லருக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். பெரிய டிப்பர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை, அரவேணு வழியாக ஏறி வந்து ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விடும். வீடு கட்டுகிறவரோ ரோட்டுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து நடுவில், லாரி திரும்ப வழியில்லாத இடத்தில் இருப்பார். அங்கே கொண்டுபோய் இறக்குவதுதான் நம் பிழைப்பு. அதாவது பாதி நாள் நாம் லோடோடு இறக்கத்தில் போகிறோம். சமவெளியில் டிரெய்லர் கட்டும் பட்டறைக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது.

கன அடியைப் பார்த்துப் பெட்டி வாங்குவது

"ஒரு யூனிட் பெட்டி" என்று பெருமையாகச் சொல்வார்கள். யூனிட் என்றால் 100 கன அடி. அவ்வளவு எம்-சாண்ட் நாலரை முதல் ஐந்து டன் வரும். முக்கால் இஞ்ச் ஜல்லி அதைவிடக் கொஞ்சம் குறைவு. பெட்டி கொள்ளும் என்பதற்காக அச்சும் டயரும் கமான் பட்டையும் (ஸ்பிரிங்) தாங்கும் என்று அர்த்தமில்லை. அச்சு எத்தனை டன்னுக்கு என்று கேளுங்கள், டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள், ஆர்.சி.யில் என்ன எடை போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000.

வாங்கிய பிறகு மேலே பலகை அடித்து உயர்த்துவது அடுத்த கூத்து. ஏற்றிய மணல்மீது மழை பெய்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மலைக்கு அரை யூனிட் பெட்டி போதும். இரண்டு நடை ஓடலாம், டீசல் கொஞ்சம் கூடும், போகட்டும்.

பிரேக் இல்லாத டிரெய்லர்

இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வரும்.

பட்டறையில் விலை பேசும்போது முதலில் கழித்துவிடுவது டிரெய்லர் பிரேக்கைத்தான். "எங்ககிட்ட யாருமே பிரேக் கேட்டதில்லை சார், டிராக்டர்லதான் பிரேக் இருக்கே" என்பார் பட்டறைக்காரர். விலை குறைகிறதே என்று நம் ஆளும் தலையாட்டுவார்.

கணக்கைப் பாருங்கள். லோடு ஐந்து டன், டிரெய்லர் ஒன்றரை டன், ஆக ஆறரை டன். பத்தடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில் இது டிராக்டரைப் பின்னாலிருந்து சுமார் 650 கிலோ பலத்தோடு தள்ளும். நம் ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) இறங்கும் ரோடுகளில் இதைவிடச் செங்குத்தான சரிவு நிறைய உண்டு. தாங்கிப் பிடிக்க வேண்டிய டிராக்டரின் எடையோ இரண்டு டன் சுமார். அதிலும் பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். காய்ந்த ரோட்டில் ஒப்பேற்றிவிடலாம். மழையில் நனைந்து, மேலே கொஞ்சம் மண்ணும் தேயிலைச் சருகும் கிடந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு அப்படியே வழுக்கும். வளைவில் அது நடந்தால் டிரெய்லர் நேராகப் போகப் பார்க்கும், டிராக்டர் குறுக்கே திரும்பும், இரண்டும் பேனாக்கத்தி மாதிரி மடங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பலனில்லை. மிதிக்க மிதிக்க மோசமாகும்.

சோலூர்மட்டம் ரோட்டில் ஒரு பையனுக்கு இதேதான் நடந்தது. ஐப்பசி மழை, முழு லோடு எம்-சாண்ட், வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் பள்ளம். நல்லவேளை, மேட்டுப் பக்கம் மடங்கியது. மட்கார்டு நசுங்கி, டிரெய்லரை டிராக்டரோடு கோக்கும் இழுவைக் கம்பி வளைந்து, டிரைவர் குதித்ததில் கணுக்கால் போனது. ரிப்பேருக்கு ஆன செலவில் பிரேக்கை இரண்டு தடவை போட்டிருக்கலாம்.

சரி, அதற்கப்புறமாவது வண்டி முதலாளி பிரேக் போட்டாரா? இல்லை. ஒரு சின்னப் பையனைச் சம்பளத்துக்கு வைத்து, கையில் மரக்கட்டையைக் கொடுத்துப் பின்னாலேயே ஓடவிடுகிறார். வண்டி நழுவினால் அவன் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டுமாம். ஆறரை டன் நகரும்போது அதன் சக்கரத்துக்குக் கீழே கையை நீட்டுகிற வேலை! அந்தப் பையனின் வீட்டாரைப் பார்த்து, வேலையைவிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். அதிலிருந்து முதலாளி என்னோடு பேசுவதில்லை.

எந்த பிரேக் என்று கேட்டால், டிராக்டர் பெடலை மிதிக்கும்போதே டிரெய்லர் சக்கரமும் பிடிக்கிற ஹைட்ராலிக் அல்லது ஏர் பிரேக். டிராக்டரில் அதற்கான வால்வு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் வகையும் உண்டு. மலிவு, ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. ஆனால் நீண்ட இறக்கத்தில் அது விடாமல் உரசிச் சூடாகும். மேட்டில் ரிவர்ஸ் எடுத்தாலும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதற்குத் தனி லாக் வேண்டும். எதுவானாலும் டிரெய்லருக்கென்று ஒரு கை பிரேக் கட்டாயம்.

பிரேக் இருக்கிற தைரியத்தில் நியூட்ரலில் விட்டுவிடாதீர்கள். ஏறும் கியரிலேயே இறங்குங்கள். வயலுக்காகப் பிரித்துவைத்த இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு இணைத்த பிறகுதான் ரோட்டுக்கே வர வேண்டும்.

நாலு சக்கரமா, இரண்டு சக்கரமா

நாலு சக்கரம் பார்க்கக் கம்பீரம். குறுகலான வளைவில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பீரம் போய்விடும். இரண்டு சக்கர டிரெய்லர் லோடில் ஒரு பங்கை டிராக்டரின் பின்சக்கரத்தில் போடுவதால் ஏற்றத்தில் பிடிப்பும் கிடைக்கும். அதற்காக முன்பக்கமே குவித்து ஏற்றினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேசாது. கொட்டும்போது எடை பின்னால் போய் இழுவைக் கம்பி மேலே தூக்கும். இழுவைக் கம்பியைக் கோக்கும் முளைக்கு (பின்) லாக் இல்லையென்றால் கழன்றுவிடும். பின், லாக், கூடவே ஒரு சங்கிலி.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் என்றால் இன்னொன்று. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கம்பெனி சொன்ன இழுவையை இங்கே முழுதாக எதிர்பார்க்காதீர்கள்.

பெட்டியை உயரமாகத் தூக்கும் ஜாக்கி

ஈரமான எம்-சாண்ட் பெட்டியின் முன்மூலையில் ஒட்டிக்கொண்டு இறங்காது. பெட்டி உச்சியில் நிற்க, எடையும் உச்சியில். தரை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் மொத்தமாகக் கவிழும். இங்கே மட்டமான தரை எங்கே இருக்கிறது? நீளம் குறைந்த பெட்டி, அடியில் அகலமான தாங்கல், மூலைகள் வளைந்த உட்புறம், இவற்றைப் பாருங்கள். புதிதாக மண் போட்டு நிரப்பிய ஓரத்தில் நிறுத்திக் கொட்டாதீர்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டம் சரிந்ததைப் பார்த்தவர்கள் ரோட்டோர மண்ணை நம்ப மாட்டார்கள்.

ரீட்ரெட் டயர் (பழையதன்மேல் புது ரப்பர் ஒட்டியது)

வேண்டாம்.

பின்விளக்கு

மூடுபனி இறங்கும் ஊரில் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விவசாயப் பதிவு

விவசாயத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்கு ஜல்லி ஓட்டினால், விபத்தின்போது இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க அது ஒன்றே போதும்.

பழைய டிரெய்லர்

பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று இழுவைக் கம்பியையும் ஜாக்கி பொருத்திய இடத்தையும் தடவிப் பாருங்கள். பெட்டியைக் காலியாகத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். தானாக இறங்கினால் ஜாக்கியின் சீல் போயிருக்கிறது. கடைசியாக ஒரு சரிவில் டயருக்குக் கல் வைத்து, டிராக்டரைக் கழற்றிவிட்டு, கை பிரேக்கைப் போட்டுக் கல்லை விலக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடலாம்.