41 மெட்ரோ ஸ்டேஷனையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்புகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சென்னை மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் விடாமல் ஒரே நாளில் சுற்றிவிட்டு வர வேண்டும் என்று சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் தடா, ஆரம்பாக்கம், சூளூர்பேட்டைப் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு ஓர் ஆசை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், வார லீவு கிடைத்ததும் நாலு பேராகச் சேர்ந்து கிளம்பிவிடுகிறார்கள். நல்ல ஆசைதான். லண்டனில் 272 ஸ்டேஷனையும் ஒரே நாளில் தொட ஆட்கள் ஓடுகிறார்கள், அதற்கு கின்னஸ் சாதனையே உண்டு. டெல்லி மெட்ரோவில் சஷாங்க் மனு என்பவர் 2021 ஏப்ரலில் 286 ஸ்டேஷனை 15 மணி 22 நிமிடம் 49 விநாடியில் முடித்து கின்னஸில் இடம் பிடித்தார். அதோடு பார்த்தால் நம்முடைய 41 ஒன்றும் பெரிய மலை இல்லை. அப்படியிருந்தும் முப்பது, முப்பத்தைந்து ஸ்டேஷனோடு களைத்துப்போய் ஊர் திரும்புகிறவர்களைப் பார்க்கிறேன். கேட்டுப் பார்த்தால், ரயில் ஏறுவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கிலேயே கோளாறு இருந்திருக்கும்.

எல்லைப்பக்கத்து ஆட்கள் செய்கிற முதல் தவறு, நேராக சென்ட்ரலுக்குப் போய் இறங்குவது. பழக்கம்தான் காரணம். மருத்துவமனைக்கோ துணி எடுக்கவோ எதற்குக் கிளம்பினாலும் சென்ட்ரல் வரை டிக்கெட் எடுத்தே கை பழகிவிட்டது. ஆனால் மெட்ரோ வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீலத்தடம் வடக்கே விம்கோ நகர் பணிமனையில் தொடங்கி விமான நிலையம் வரை போகிறது. பச்சைத்தடம் சென்ட்ரலில் தொடங்கி, எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி என்று வளைந்து பரங்கிமலையில் முடிகிறது. இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. ஆக நடுவில் ஒரு வளையம், அதிலிருந்து மூன்று வால்கள்: வடக்கே விம்கோ நகர் வால், தெற்கே விமான நிலைய வால், ஆலந்தூரைத் தாண்டி பரங்கிமலை என்ற ஒற்றை ஸ்டேஷன் வால். வாலுக்குள் போனால் அதே வழியில்தான் திரும்பி வர வேண்டும். வடக்கு வாலில் மட்டும் 12 ஸ்டேஷன் இருக்கிறது. சென்ட்ரலில் தொடங்குகிறவர் அந்த 12 ஸ்டேஷன் தூரத்தையும் போய், பெரும்பாலும் திரும்பவும் வர வேண்டியிருக்கும். வரைபடத்திலேயே மிக நீளமான வாலை இரண்டு முறை கடக்கிற திட்டம் அது.

நம்மூர் ரயிலோ விம்கோ நகர் வழியாகத்தான் போகிறது! கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், அடுத்தது விம்கோ நகர். அங்கே இறங்கிச் சற்று நடந்தால் மெட்ரோ. தாம்பரத்துக்காரருக்கோ ஆவடிக்காரருக்கோ கிடைக்காத வசதி இது, நாம்தான் கண்டுகொள்ளாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விம்கோ நகர் மெட்ரோவில் ஏறியதும் தெற்கே கிளம்பிவிடாதீர்கள். வடக்கே இன்னும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, விம்கோ நகர் பணிமனை. விம்கோ நகர் வரையிலான பாதை 2021 பிப்ரவரியில் வந்தது, பணிமனையும் திருவொற்றியூர் தேரடியும் 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள். பழைய படத்தைக் கைபேசியில் வைத்திருப்பவர்கள் சரியாக இந்த இரண்டைத்தான் விட்டுவிடுகிறார்கள். முதலில் பணிமனைக்கு ஒரு ஸ்டேஷன் மேலே போய், அங்கிருந்து தெற்கே தொடங்குங்கள்.

பஸ்ஸில் போகலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆந்திரா பஸ் கோயம்பேட்டில் விடும், இறங்கினால் மெட்ரோ என்பது பழைய கதை. 2018லிருந்து நம் பக்கத்துப் பஸ்கள் மாதவரத்துக்குப் போய்விட்டன. நான் சொல்லும் 41 ஸ்டேஷனில் மாதவரம் இல்லை. ரயிலே நல்லது.

அடுத்த தவறுதான் பெரியது. 'பார்த்தாச்சு' என்றால் என்ன அர்த்தம் என்று முடிவு செய்யாமலே கிளம்புவது. என் அக்கா மகன் கூட்டாளிகளோடு கிளம்பியபோது முதல் கேள்வியே அதுதான்: "மாமா, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கணுமா, இல்ல ரயில் நின்னா போதுமா?" இதை வீட்டிலேயே கேட்டுவிட்டான், நல்லது. பலர் திருவொற்றியூரில் நின்றுகொண்டு இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். லண்டன் சாதனைக்கு இறங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, நீங்கள் இருக்கும் ரயில் அந்த ஸ்டேஷனில் நின்றால் போதும். ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கலாம், ஓடலாம், பொதுப் பேருந்திலோ வேறு ரயிலிலோ போகலாம். சொந்த வண்டியும் டாக்சியும் கூடாது. இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் 41ஐயும் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கலாம்.

ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் கால் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கணக்கு வேறு. இறங்கினால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். தடவைக்கு 7 நிமிடம் என்று வைத்தாலும் 40 தடவைக்கு 280 நிமிடம், அதாவது நாலரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பிலேயே போகிறது. கேட்டைத் தாண்டித் தெருவுக்கே வந்து பார்ப்பேன் என்றால் இன்னும் நேரமாகும். 41இல் 21 ஸ்டேஷன்கள் பூமிக்கடியில் இருக்கின்றன. அங்கே பிளாட்பாரத்திலிருந்து இரண்டு எஸ்கலேட்டர் ஏறி, கேட்டில் வெளியே வந்து, தெருவைப் பார்த்துவிட்டு, மறுபடி பையை ஸ்கேனரில் போட்டு, டிக்கெட் எடுத்து, கீழே இறங்க 15 நிமிடத்துக்குக் குறையாது. எல்லா ஸ்டேஷனுக்கும் இதே கணக்கை வைத்தால் 40 தடவைக்கு 10 மணி நேரம். காசும் அப்படித்தான்: குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் என்றால் 40 தடவைக்கு 400 ரூபாய். இதில் எந்த முறை சரி, எது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் விருப்பம் நடுவழி: ரயில் நின்றால் போதும் என்று விதி வைத்துக்கொண்டு, மனசுக்குப் பிடித்த நாலைந்து ஸ்டேஷனில் மட்டும் நிதானமாக இறங்கிப் பார்ப்பது. உயர் நீதிமன்றத்தில் இறங்கி அந்தச் செங்கல் சிவப்புக் கோபுரங்களை ஒரு தடவை அண்ணாந்து பார்க்காமல் வருவது எனக்கு மனசு ஒப்பாது.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். பணிமனையிலிருந்து சென்ட்ரல் வரை நீலத்தடம். அங்கே மாறி, பச்சைத்தடத்தில் பரங்கிமலை வரை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பரங்கிமலையிலிருந்து மெட்ரோவிலேயே ஆலந்தூர் திரும்பி, விமான நிலையம் போய், திரும்பவும் ஆலந்தூர் வருவார்கள். இரண்டு வாலிலும் இரட்டை வேலை. பரங்கிமலையில் மெட்ரோவை விட்டு வெளியே வந்து, பக்கத்திலேயே இருக்கும் புறநகர் ரயில் ஸ்டேஷனில் 5 ரூபாய் டிக்கெட் எடுத்து, தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். பழவந்தாங்கல், மீனம்பாக்கம், அடுத்து திரிசூலம். திரிசூலத்துக்கு எதிரே விமான நிலையம். அங்கே மெட்ரோ ஏறினால் மீனம்பாக்கம், நங்கநல்லூர் சாலை, ஆலந்தூர், கிண்டி என்று வடக்கே ஒரே ஓட்டமாக, சென்ட்ரலுக்கு முந்தைய ஸ்டேஷனான அரசினர் தோட்டம் வரை வந்து முடித்துவிடலாம். எந்த வாலிலும் வந்த வழியே திரும்ப வேண்டாம், தொடக்கத்தில் பணிமனைக்காக ஏறிப்போன அந்த ஒரு ஸ்டேஷனைத் தவிர. புறநகர் ரயிலைச் சேர்த்துக்கொள்வது ஏமாற்று வேலையா என்று கேட்பவர்களுக்கு, லண்டன் விதியே அதை அனுமதிக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

பரங்கிமலை போகிற வழியில் ஆலந்தூரை நெருங்கும்போது கவனமாக இருங்கள். சில நேரங்களில் சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாக நேரே விமான நிலையம் போகும் ரயில்களும் ஓடுவது உண்டு. பச்சைத்தடம்தானே என்று அதில் தூங்கிவிட்டால் பரங்கிமலை விட்டுப்போகும். நெரிசல் நேரத்தில் நீலத்தடத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் இடையில் மட்டும் ஓடித் திரும்பும் ரயில்களும் உண்டு. தெற்கிலிருந்து விம்கோ நகரை நோக்கிப் போகிறவர்கள் அதில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கி நிற்பார்கள். தடத்தின் நிறத்தைப் பார்த்து ஏறாதீர்கள், ரயில் நெற்றியில் எழுதியிருக்கும் கடைசி ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் சிலர் ரொம்பப் புத்திசாலித்தனம் செய்யப் பார்க்கிறார்கள். பக்கத்து ஸ்டேஷனுக்கு 10 ரூபாய் டிக்கெட் எடுத்து, ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலேயே வெளியே வருவது. வேண்டாம். டிக்கெட்டுக்குக் கால வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் கேட் திறக்காது, அபராதம் கட்டச் சொல்வார்கள். அதோடு அது நேர்மையும் இல்லை. இவ்வளவு ஆசையாகக் கிளம்பிய ஒரு காரியத்தில் அப்படி ஒரு கறை எதற்கு? நான் சொன்ன பாதையில் பரங்கிமலையில் எப்படியும் வெளியே வந்துவிடுவீர்கள், விமான நிலையத்தில் புது டிக்கெட். இடையில் வேறு எங்கும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து நேரத்தைக் கடத்தாதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சுற்றும் சலுகை ஏதாவது அப்போது இருக்கிறதா என்று விம்கோ நகர் கவுண்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது, கட்டணமும் அட்டைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அப்புறம் பதிவு. ஞாபகத்தை நம்பாதீர்கள். மாலையில் உட்கார்ந்து எண்ணினால் 40தான் வரும், எது விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது. பெயர்கள் அப்படி: வண்ணாரப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், திருவொற்றியூர் தேரடி, அண்ணா நகர் கிழக்கு, அண்ணா நகர் டவர். கோயம்பேடு ஒரு ஸ்டேஷன், கோயம்பேடு பேருந்து நிலையம் அடுத்த ஸ்டேஷன். இரண்டையும் ஒன்றாக எண்ணியவர்கள் உண்டு. 2020இல் சென்ட்ரல், ஆலந்தூர், கோயம்பேடு பேருந்து நிலையம் ஆகிய மூன்றுக்கும் தலைவர்கள் பெயரைச் சேர்த்து நீளமாக வைத்தார்கள், ஆகவே பலகையில் இருப்பதும் உங்கள் பட்டியலில் இருப்பதும் ஒன்றுபோல் இருக்காது. என் அக்கா மகன் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளில் 41 பெயரையும் போகும் வரிசையிலேயே எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். கதவு திறந்ததும் பெயருக்கு எதிரே மணியும் நிமிடமும். பேனா மை வேர்வையில் கொஞ்சம் இழுபட்டிருந்ததே தவிர, ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை. போட்டோ எடுப்பவர்கள், பாதுகாப்பு ஊழியர் வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், வாதாடி நேரத்தைக் கரைக்காதீர்கள்.

பெரிய பை வேண்டாம், நுழைகிற ஒவ்வொரு இடத்திலும் ஸ்கேனர். தண்ணீர் பாட்டில் போதும். சாப்பாட்டைப் பரங்கிமலையில் வெளியே வரும்போது வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் அங்கே ஒரு டிக்கெட் முடிகிறது.

41 என்ற எண்ணையும் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். 2015 ஜூனில் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை ஒரு துண்டாகத் தொடங்கியது, 2017 மே மாதத்தில்தான் முதல் சுரங்கப் பகுதி திறந்தது, இப்படித் துண்டு துண்டாகவே வளர்ந்த பாதை இது. முதல் கட்டமும் அதன் வடக்கு நீட்டிப்பும் சேர்ந்துதான் இந்த 41. இரண்டாம் கட்டம் என்று கிட்டத்தட்ட 119 கிலோமீட்டருக்கு மூன்று தடங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள், அதில் ஒரு துண்டு திறந்தாலே எண்ணும் மாறும், வால்களும் மாறும், மேலே சொன்ன பாதையும் மாறும். கிளம்புகிற வாரத்தில் புதுப் படத்தை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, திரும்பி வருவது. மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடுகிறது என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், அது சென்னைக்குள் வீடு இருப்பவர்களுக்கு. அரசினர் தோட்டத்தில் முடித்து, ஒரு ஸ்டேஷன் தள்ளி சென்ட்ரல் வந்து, மூர் மார்க்கெட் பக்கத்து பிளாட்பாரத்துக்குப் போனால், நம் பக்கம் வருவதில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும் ரயில்கள். அதைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை வரை வருவது குறைவு, ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் இன்னும் குறைவு. ஆகவே திட்டத்தாளில் முதல் வரியாக சூளூர்பேட்டைக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை எழுதுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அரசினர் தோட்டம் என்று எழுதுங்கள், அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு விம்கோ நகரில் இறங்க வேண்டிய நேரத்துக்கு வாருங்கள்.